உன் காலை நம்பு, உன் கணக்கை நம்பு!

தம்பி! தங்கையே! உன்னிடம் நேராகவே கேட்கிறேன். வளைந்த ஹேண்டில்பாரும் மெலிந்த டயரும் கொண்ட அந்த ரோடு பைக்கை எத்தனை முறை கைபேசியில் பார்த்திருப்பாய்? விலையைப் பார்த்ததும் எத்தனை முறை திரையை மூடியிருப்பாய்? "லட்ச ரூபாய் சைக்கிளெல்லாம் சென்னைக்காரங்களுக்கு. பெரம்பலூர்ல கெடக்குற நமக்கு எதுக்கு?" என்று எத்தனை முறை உனக்கு நீயே தீர்ப்பு எழுதிக்கொண்டிருப்பாய்?

அந்தத் தீர்ப்பைக் கிழித்துப் போடு!

லட்ச ரூபாய் வேண்டும் என்று உனக்குச் சொன்னது யார்? சின்ன ஊர்க்காரன் பெரிய தூரம் போகக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது? அரியலூரில் பிறந்தவன் காலுக்கும் பாரிஸில் பிறந்தவன் காலுக்கும் என்ன வேறுபாடு? ஒன்றும் இல்லை. வேறுபாடு எல்லாம் மனத்தில் இருக்கிறது. அவன் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைகிறான். நீ தெரியாமல் நுழைகிறாய். கூச்சத்தோடு வெளியே வருகிறாய்.

தன்னம்பிக்கையை யாரும் கடையில் விற்பதில்லை. மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்: உன் உடம்பின் அளவு, உன் ஊர்ச் சாலையின் குணம், உன் கையிலிருக்கும் பணம். இந்த மூன்றும் தெரிந்தவனை எந்த விற்பனையாளனும் மிரட்ட முடியாது, எந்த நண்பனும் ஏளனம் செய்ய முடியாது. உன் முதல் ரோடு பைக்கை வாங்கும் நாள், உன் முடிவை நீயே எடுக்கும் நாள். அதற்கு உன்னைத் தயார்ப்படுத்தத்தான் இந்தக் கட்டுரை.

வாஷிங் மெஷின் பேரிங்கில் ஓர் உலக சாதனை

1993 ஜூலை மாதம். நார்வே நாட்டின் ஹாமர் நகரில் கிரேம் ஓப்ரி என்ற ஸ்காட்லாந்து இளைஞர் பந்தயத் தடத்தில் இறங்கினார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் மிதிக்க முடியும் என்பதே அங்கே கேள்வி. இத்தாலியின் பிரான்செஸ்கோ மோசர் 1984இல் எட்டிய 51.151 கிலோமீட்டரை ஒன்பது ஆண்டுகளாக எவராலும் தாண்ட முடியவில்லை.

ஓப்ரிக்குப் பின்னால் பெரிய நிறுவனம் எதுவும் நிற்கவில்லை. நடத்திய சைக்கிள் கடை நொடித்துப்போய்க் கடனில் இருந்தவர் அவர். வாங்கப் பணம் இல்லை என்று உட்கார்ந்துவிட்டாரா? தன் சைக்கிளைத் தன் கையாலேயே செய்தார். பழைய வாஷிங் மெஷின் ஒன்றின் பேரிங்கைக் கழற்றி அதில் மாட்டினார்!

சாதனை முயற்சிக்கென்று அந்த வண்டியைப் பார்த்துப் புதிதாக ஒரு நகலும் தயாரானது. முதல் நாள் அந்தப் புதிய வண்டியில் ஓட்டினார். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் குறைந்துபோனது. தோல்வி. வேறொருவராக இருந்தால் பெட்டியைக் கட்டியிருப்பார். ஓப்ரி மறுநாள் காலையிலேயே திரும்பி வந்தார். இந்த முறை தான் செய்த அந்தப் பழைய வண்டியோடு வந்தார். 51.596 கிலோமீட்டர்! உலக சாதனை!

ஆறே நாளில் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மேன் அதை முறியடித்தார். 1994 ஏப்ரலில் ஓப்ரி 52.713 கிலோமீட்டர் ஓட்டி மீண்டும் பறித்துக்கொண்டார்.

இதில் உனக்கான பாடம் என்ன? அந்த வண்டியின் ஒவ்வொரு நட்டும் அவருக்குத் தெரியும். தன் உடம்பு எப்படி வளையும், தன் கால் எப்படிச் சுழலும் என்று அறிந்து செய்த வண்டி அது. விலைச்சீட்டு அவரைத் தூக்கிச் செல்லவில்லை. அறிவு தூக்கிச் சென்றது. மறுநாள் காலை எழுந்து வந்த துணிவு தூக்கிச் சென்றது. அந்த அறிவும் துணிவும் உனக்கு மட்டும் வராதா?

நம் பக்கத்து மண்ணின் நெருப்பு

ஸ்காட்லாந்து தூரம் என்கிறாயா? புதுக்கோட்டை தூரமில்லையே!

1990களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் இயக்கத்தில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அவர் சேர்த்தார். நினைத்த இடத்துக்குப் போக முடியாத பெண்ணுக்கு நம்பிக்கை எப்படி வரும் என்பதே அவருடைய கேள்வி. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி வங்கிகளையும் நெருக்கினார்.

குவாரியில் கல் உடைத்த பெண்கள், வயலில் களை எடுத்த பெண்கள், கிராமத்துச் செவிலியர்கள், ஆசிரியைகள் என ஆயிரமாயிரமாய் சைக்கிளில் ஏறினார்கள். ஊர் கேலி பேசியது. கேட்டுக்கொண்டே மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. அவர்கள் காத்திருந்தார்களா? பார் வைத்த ஆண்கள் சைக்கிளை எடுத்தார்கள். சிலர் அதையே விரும்பியும் எடுத்தார்கள்; நடுப்பாரில் பிள்ளையை உட்காரவைத்து ஓட்டலாம் அல்லவா! பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை நேரில் கண்டு எழுதியதால் உலகமே படித்தது.

தங்கையே, உனக்காகவே இதைச் சொல்கிறேன். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்கள் திறந்துவிட்ட சாலை அது. அதன் மேல்தான் 2001-02 கல்வியாண்டில் தமிழக அரசின் விலையில்லா மிதிவண்டித் திட்டம் வந்தது. பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியருக்கு என்று தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவ மாணவியர் அனைவருக்குமாக விரிந்தது. உன் வீட்டுத் தாழ்வாரத்திலும் அந்த வண்டி ஒன்று நிற்கிறதா? துடைத்து எண்ணெய் போடு. உன் பயிற்சி இன்றைக்கே அதில் தொடங்கட்டும்.

ஒவ்வோர் ஆண்டும் அண்ணா பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் மிதிவண்டிப் போட்டி நடக்கிறது. பெரம்பலூரிலும் நடக்கிறது, அரியலூரிலும் நடக்கிறது. வயதுக்கேற்ப 10, 15, 20 கிலோமீட்டர். இந்தியாவில் தயாரான, சாதாரணக் கைப்பிடி வைத்த மிதிவண்டியைத்தான் கொண்டுவர வேண்டும் என்பது விதி. எல்லார் கையிலும் ஒரே மாதிரி வண்டி! அங்கே முதலில் வருபவனை முன்னால் கொண்டுவந்தது எது? கால். நுரையீரல். விடாப்பிடி. ரோடு பைக் இந்த மூன்றையும் உனக்கு விற்காது. உன்னிடம் இருக்கும் இந்த மூன்றையும் இன்னும் தொலைதூரம் கொண்டுபோகும், அவ்வளவே.

"அந்தக் காசுக்கு ஒரு டூ-வீலரே வாங்கலாமே!"

இந்தக் கேள்வி உன் வீட்டுக் கூடத்தில் வெடிக்கும். தயாராக இரு. அப்பா கேட்பார், மாமா கேட்பார், டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவரும் கேட்பார். கோபப்படாதே. குரலை உயர்த்தாதே. கணக்கோடு பேசு.

"அப்பா, டூ-வீலரை நான் வேண்டாம்னு சொல்லல. பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல விக்கிது. ஐம்பது கிலோமீட்டர் கொடுக்குற வண்டிக்கு எண்ணெய்க்கே கிலோமீட்டருக்கு ரெண்டு ரூபா ஆகுது. இருபத்தேழாயிரம் ரூபாய்க்கு சைக்கிள் வாங்கி மூணு வருஷத்துல பதினஞ்சாயிரம் கிலோமீட்டர் ஓட்டினா, சைக்கிளோட மொத்த விலையே கிலோமீட்டருக்கு ஒண்ணே முக்கால் ரூபாய்க்குப் பக்கத்துலதான் வருது. உடம்பும் தேறும்" என்று சொல். பதினைந்தாயிரம் என்றால் ஆண்டுக்கு ஐயாயிரம், வாரத்துக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. உழைக்கத் துணிந்தவனுக்கு எட்டாத எண் இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டும். வாங்கிய சைக்கிள் திண்ணையில் தூசி படிந்து நின்றால் அப்பா சொன்னதுதான் சரி. அவர் தோற்க வேண்டும் என்றால் நீ மிதிக்க வேண்டும்!

பணத்தை எப்படிச் சேர்ப்பது? மாதம் 1,500 ரூபாய், வங்கித் தொடர் வைப்பில் போடு. பதினெட்டு மாதத்தில் 27,000 ரூபாய், வட்டி தனி. மக்காச்சோள அறுவடைக் கூலியோ, பருத்திப் பணமோ, பகுதிநேர வேலைச் சம்பளமோ எது வந்தாலும் இதற்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கு. வட்டிக்கு வாங்கி சைக்கிள் வாங்காதே. கடன்காரன் முதுகில் உட்கார்ந்திருக்க, காற்றைக் கிழித்து எப்படிப் போவாய்? 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முந்தைய விலை 25,000 என்றால் 1,750 ரூபாய் மிச்சம். ஒரு நல்ல ஹெல்மெட்டுக்கு அது வழி செய்யும்.

முதலில் உன்னை அள!

கடைக்குப் போகும் முன் சுவரோரம் வெறுங்காலோடு நில். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைத் தொடை இடுக்கில் மேலே அழுத்திப் பிடி. அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்கச் சொல். அதுதான் உன் உள்கால் அளவு. அதை 0.65 முதல் 0.67 வரையான எண்ணால் பெருக்கு. உள்கால் 80 சென்டிமீட்டர் என்றால் 52 முதல் 54 வரை வரும். அதுவே உனக்குப் பொருந்தும் ரோடு பைக் ஃபிரேமின் தோராய அளவு. அதே 80ஐ 0.883ஆல் பெருக்கினால் 70.6. பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் அது. இவை தொடக்கம்தான். ஓட்டிப் பார்த்து அரை அங்குலம் முன்பின் மாற்றிக்கொள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? "இந்த ஒரு சைஸ்தான் இருக்கு, சீட்டை ஏத்திக்கலாம் தம்பி" என்று சொல்லித் தள்ளிவிடும் கடைகள் உண்டு. ஒன்பதாம் நம்பர் காலுக்கு ஏழாம் நம்பர் செருப்பைப் பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்குவாயா? ஃபிரேம் பெரிதானால் கை எட்டாமல் முதுகும் கழுத்தும் வலிக்கும். சிறிதானால் முழங்கால் மடங்கி வலிக்கும். வலித்தால் ஓட்டமாட்டாய். சைக்கிள் மூலைக்குப் போகும். பழி உன் மனவுறுதி மேல் விழும்! தவறு உன்னிடத்தில் இல்லாதபோது அந்தப் பழியை நீ ஏன் சுமக்க வேண்டும்? "என் அளவு 52. அது வரும்வரை காத்திருக்கிறேன்" என்று சொல்லிப் பார். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை கம்பீரம் இருக்கிறது!

அடுத்தது உன் மண்ணை அறி

பல கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியைக் கடல் மூடியிருந்தது. சாத்தனூரில் கல்லாகக் கிடக்கும் பதினெட்டு மீட்டர் மரமும், காரையில் கிடைக்கும் கடலுயிர்ப் படிவங்களும் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லால்தான் அரியலூரில் அரசு ஆலை உட்பட சிமென்ட் ஆலைகள் எழுந்தன. ஆலை இருந்தால் சுரங்கம் இருக்கும். சுரங்கம் இருந்தால் லாரி ஓடும். லாரி ஓடினால் தார் பெயரும், ஓரத்தில் சரளையும் தூசியும் சேரும். இதுதான் உன் சாலை. வெளிநாட்டு வீடியோவில் பார்க்கும் கண்ணாடிச் சாலைக்காக வண்டி வாங்காதே. உன் சாலைக்காக வாங்கு.

பந்தயக்காரர்கள் முன்பு 23 மில்லிமீட்டர் டயரில் ஓட்டினார்கள். உனக்கு அது வேண்டாம். 28 போடு, இடம் கொடுக்கும் ஃபிரேம் என்றால் 32 போடு. சில வண்டிகளில் பிரேக்குக்கும் டயருக்கும் இடையே இடைவெளி குறைவு, 25க்கு மேல் ஏறாது. கடையிலேயே விரலை விட்டுப் பார், கேள். அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். குழியின் அதிர்ச்சி கைக்கு ஏறாது. எவ்வளவு காற்று என்பதை டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எல்லைக்குள் வைத்துக்கொள்.

சாலையோரம் எங்கும் சீமைக்கருவேல முள். பஞ்சர் ஆகும். ஆகட்டுமே! மாற்று டியூப், டயர் நெம்பி, கைப்பம்பு மூன்றும் சீட்டுக்கடியில் ஒரு பையில் இருந்தால் நீ ஏன் பயப்பட வேண்டும்? பல ரோடு பைக்குகளின் வால்வு மெல்லியது. ஊர்க்கடைப் பம்பு அதில் பிடிக்காது. சின்ன அடாப்டர் ஒன்றை வாங்கி வால்விலேயே மாட்டி வை. வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து டியூப் மாற்றப் பழகு. கை கறுக்கட்டும். நடுவழியில் சக்கரம் இறங்கினாலும் முகம் வாடாதவனே உண்மையான சைக்கிள்காரன்.

பிறகு ஆடிக்காற்று. மேற்கே பச்சைமலையைப் பார்த்துத் துறையூர்ச் சாலையில் மிதித்துப் பார், தெரியும். வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நான்கு மடங்காகும், அதை வெல்லத் தேவையான ஆற்றல் எட்டு மடங்காகும். சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டும்போது உன் உழைப்பின் பெரும்பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது. வளைந்த ஹேண்டில்பார் அழகுக்கு வைத்ததில்லை. குனிந்து, உடம்பை ஒடுக்கி, காற்றுக்குக் குறைவாக முகம் கொடுக்க வைத்தது. நீண்ட பாதையில் கையை மாற்றி மாற்றிப் பிடிக்கவும் இடம் தரும். ரோடு பைக் உனக்கு ஏன் தேவை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கடையில் தலைநிமிர்ந்து நில்

திருச்சிக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும், கையில் 25,000 முதல் 40,000 வரை வைத்துக்கொண்டு முதல் ரோடு பைக் தேடுகிற நீ இதைக் கேட்டுக்கொள்.

முதலில் ஃபிரேமைப் பார். கண்ணைப் பறிக்கும் பெயின்டில் மயங்காதே. நல்ல அலுமினிய ஃபிரேம் இந்த விலைக்குப் போதும். முன் ஃபோர்க் ஸ்டீலாக இருந்தாலும் கவலையில்லை. கார்பன் கிடைத்தால் எடை குறையும், அதிர்வும் சற்றுக் குறையும். ஷாக் அப்சார்பர் வைத்த பருத்த டயர் வண்டியைக் காட்டி "21 கியர், இதுதான் லேட்டஸ்ட்" என்பார்கள். மலிவு விலை ஷாக் அப்சார்பர் உன் உழைப்பைக் குடிக்கும் கூடுதல் எடை. தார்ச்சாலையில் அது உனக்கு என்ன கொடுக்கும்? வேண்டாம் என்று சிரித்தபடி சொல்.

கியரின் எண்ணிக்கையைப் பார்க்காதே, அதன் தரத்தைப் பார். 1921இல் ஜப்பானின் சகாய் நகரில் ஃப்ரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ நிறுவனத்தின் வரிசை உலகமெங்கும் ஓர் அளவுகோல். டூர்னி அடித்தட்டு. அதற்கு மேல் பின்பக்கம் எட்டுப் பல்சக்கரம் கொண்ட கிளாரிஸ், ஒன்பது கொண்ட சோரா, பத்து கொண்ட டியாக்ரா. உன் பட்ஜெட்டில் டூர்னி கிடைத்தால் நிம்மதியாக வாங்கு. கிளாரிஸ் கிடைத்தால் மகிழ்ச்சியாக வாங்கு. அதற்கு மேல் ஆசைப்பட்டுக் கடனில் விழாதே. பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கங்களுக்கு ஏழெட்டுப் பல்சக்கரமே தாராளம். கியர் மாற்றும் நெம்பு பிரேக் பிடியோடு சேர்ந்து இருக்கிறதா என்று பார். இருந்தால் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்காமல் மாற்றலாம். பின்சக்கரம் பழைய திருகு ஃப்ரீவீலா, கேசட்டா என்று கேள். கேசட் என்றால் பின்னாளில் தரம் உயர்த்த எளிது. இந்த இரண்டு கேள்வியைக் கேட்டாலே போதும், எதிரே நிற்பவரின் பேச்சு மாறும். "சார், உட்காருங்க" என்பார்!

மொத்தப் பணத்தையும் வண்டியில் கொட்டாதே. ரோடு பைக்கோடு ஸ்டாண்டு வராது, மட்கார்டு வராது, கேரியர் வராது. விளக்கும் பெரும்பாலும் வராது. பத்தில் ஒரு பங்கை ஹெல்மெட்டுக்கும், பின்னால் எரியும் சிவப்பு விளக்குக்கும், பம்புக்கும், டியூபுக்கும் ஒதுக்கு. ஹெல்மெட்டும் சிவப்பு விளக்கும் இல்லாமல் சிமென்ட் லாரி ஓடும் சாலையில் இறங்குவது வீரம் ஆகாது. உன் அம்மாவுக்கு நீ திரும்பி வர வேண்டும்.

பழைய வண்டியா? தாராளமாக வாங்கு. வெட்கம் எதற்கு? ஆனால் கண்ணைத் திறந்து வாங்கு. அசல் ரசீது கேள். ஹேண்டிலுக்குக் கீழேயும் பெடல் அச்சைச் சுற்றியும் ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். சக்கரத்தைச் சுழற்றி விடு. ஆடினால் கோட்டம் எடுக்க வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்பின் அசை. கடகடவென்று ஆடினால் ஹேண்டில் பேரிங்கில் வேலை இருக்கிறது. பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துச் செயினில் பன்னிரண்டு முழுக் கண்ணிகளை அள. புதியது சரியாக 12 அங்குலம் இருக்கும். அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது. பல்சக்கரமும் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அந்தச் செலவைக் கழித்து விலை பேசு. இதெல்லாம் தெரிந்த பிறகு உன்னை யாரால் ஏமாற்ற முடியும்?

உன் ஊர் மெக்கானிக்கை மறக்காதே. வண்டியைப் பிரித்து மாட்டி ஓவராயில் செய்யும் கை அவருடையது. "அண்ணே, இதுல எனக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடுங்க" என்று பக்கத்தில் உட்கார். எந்த வீடியோவும் தராத பாடம் அது.

இனி மிதி!

முதல் மாதம் வேகத்தை நினைக்காதே. விடிந்ததும் கிளம்பு, வெயில் ஏறும் முன் திரும்பு. தண்ணீர் எடு. நான்குவழிச் சாலையை விட்டுவிடு. ஊர்களை இணைக்கும் சாலைகளில் பழகு. ஆத்தூர்ச் சாலையில் வேப்பந்தட்டை பக்கம் போ. மலை உன்னோடு வரும். கால் பழகியதும் பெரம்பலூரிலிருந்து அரியலூர், ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். போய்த் திரும்பினால் அறுபது! அரியலூர்த் தம்பி, நீ கீழப்பழுவூர் வழியே திருமானூர் போ. கொள்ளிடத்துப் பாலத்தில் நின்று மூச்சு வாங்கு. பிறகு ஒரு நாள் ஜெயங்கொண்டம் தாண்டிக் கங்கைகொண்ட சோழபுரம். கங்கை வரை படை அனுப்பிய ராஜேந்திரன் தன் தலைநகரை எழுப்பியது உன் மாவட்டத்து மண்ணில்தான். அந்த மண்ணில் பிறந்த உனக்கு நூறு கிலோமீட்டர் பெரிதா?

நூறு வந்துவிட்டால் இருநூறைப் பார். உலகமெங்கும் நடக்கும் பிரெவே என்ற நெடுந்தூர ஓட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். கணக்குப் போடு: ஓய்வையும் சாப்பாட்டையும் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்! அங்கே முதல் பரிசு கிடையாது, இரண்டாம் பரிசும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் முடித்தவர் எல்லாரும் வென்றவர். பிறகு 300, 400, 600. இந்தப் படிகளில் ஏறியவர்களுக்குத்தான் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்சில் நடக்கும் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தின் கதவு திறக்கும். 1891இல் தொடங்கியது, 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். உன் வண்டியின் விலை என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. நீ முடித்தாயா என்றுதான் கேட்பார்கள்.

பெரம்பலூருக்கு ரயில் நிலையம் இல்லை என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருப்பாய்? ரயில் வரும்போது வரட்டும். உன் கால் எப்போது கிளம்பும்?

யாராவது கேலி செய்வார்கள். குட்டைக் கால்சட்டையைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இதுல கேரியரே இல்லையே, யாரை ஏத்திட்டுப் போவ?" என்பார்கள். புதுக்கோட்டைப் பெண்கள் கேட்காத கேலியா? அவர்கள் நின்றார்களா? நீயும் நிற்காதே. கேலி செய்தவன் வீட்டுத் தம்பியே ஒரு நாள் உன்னிடம் வந்து, "அண்ணா, எனக்கு எந்த சைஸ் வாங்கணும்?" என்று கேட்பான். அவனைச் சுவரோரம் நிறுத்தி அளவெடுத்துக் கொடு. ஒருவன் கற்றால் ஒரு தெரு கற்கும்!

லட்ச ரூபாய்க்குக் காத்திருந்து முப்பது வயதைத் தாண்டாதே. இருபத்தைந்தாயிரத்தில் இருபது வயதிலேயே கிளம்பு. நல்ல வண்டி பின்னாலும் வாங்கலாம். இந்த வயதின் நுரையீரலைப் பின்னால் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. உன் கைக்கு எட்டிய வண்டியை உன் அளவுக்குப் பொருத்தி, உன் சாலைக்குத் தக்க டயர் போட்டு, உன் உழைப்பால் வந்த பணத்தில் வாங்கு. அதில் நீ மிதிக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரும் முழுக்க முழுக்க உன்னுடையது. எவனும் கொடுத்ததில்லை, எவனும் பறிக்கவும் முடியாது.

இன்றைக்கே செய்ய வேண்டியவை மூன்று. உன் உள்காலை அளந்து எழுது. மாதம் எவ்வளவு சேர்ப்பாய் என்று எழுது. நாளைக் காலை, இப்போது வீட்டில் இருக்கும் சைக்கிளில், எந்தச் சைக்கிளாக இருந்தாலும் சரி, பத்து கிலோமீட்டர் மிதி. இந்த மூன்றையும் செய்துவிட்டால் நீ ஏற்கெனவே கிளம்பிவிட்டாய். இனி வண்டிதான் உன்னைத் தேடி வர வேண்டும்.

எழு, தம்பி! எழு, தங்கையே! அளவு நாடாவைக் கையில் எடு!